கொழுத்த குட்டிதான் முதல்ல சாகும்: ஆட்டுக்குட்டிக்குத் திடீர்னு முடியாமப் போனா என்ன கேக்கணும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஆட்டுக்குட்டி பத்திப் பேசப் போறோம். மெட்ரோவுல ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் போற எனக்கு எதுக்குடா இதுன்னு சில பேர் நினைக்கலாம். ஆனா இந்த ஷோ கேக்குற பாதிப் பேருக்கு ஊர்ல ஒரு வீடு இருக்கு. அந்த வீட்டுல அம்மாவோ ஆச்சியோ நாலு ஆடு வச்சிருக்காங்க. உங்க செமஸ்டர் பீஸ்ல ஒரு பங்கு அந்தக் கொட்டகையில இருந்து வந்திருக்கும். எனக்கு வந்துச்சு. எங்க ஊரு கோவில்பட்டி பக்கம், கரிசக்காடு. வீட்டுல இருக்கறது கன்னி ஆடு, கருப்பு உடம்பு, மூஞ்சியில ரெண்டு வெள்ளைக் கோடு. இன்னைக்கும் வீட்டுல அவசரத்துக்குப் பணம் வேணும்னா ஏடிஎம் கார்டைத் தேட மாட்டாங்க, எந்தக் குட்டி விக்கற பருவத்துல இருக்குன்னுதான் பாப்பாங்க.

அதனால குட்டிக்கு ஏதாவதுன்னா முதல் போன் நமக்குத்தான் வரும். படிச்ச பிள்ளை, கூகுள் பாத்துச் சொல்லும்னு நம்பிக்கை. "நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தான் துள்ளிக்கிட்டுத் திரிஞ்சது, இப்பப் பாத்தா தலையைத் தொங்கப் போட்டு நிக்கி"ன்னு அம்மா சொல்லுவாங்க. அப்ப நாம என்ன கேக்கணும், என்ன செய்யச் சொல்லணும், முக்கியமா என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லணும்? இன்னைக்கு எபிசோடு அதுதான். நான் டாக்டர் இல்ல. ஆடு வளக்குற வீட்டுல வளந்து, கால்நடை மருந்தகத்துல டாக்டர்கள்கிட்டக் கேள்வி கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவ. டாக்டர் வர்ற வரைக்கும் நடுவுல இருக்கற நேரத்தைப் பத்திதான் பேசறேன்.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடறேன். ஆடு வலியை வெளிய காட்டாத மிருகம். மந்தையில சுணங்கி நிக்கறதைத்தான் நரி தூக்கும், அதனால முடிஞ்ச வரைக்கும் சமாளிச்சு நிக்கும். நம்ம கண்ணுக்கு 'உடம்பு சரியில்ல'ன்னு தெரியும்போது உள்ள விஷயம் ரொம்ப தூரம் போயிருக்கும். பெரிய ஆட்டுக்காவது ஒரு நாள் ரெண்டு நாள் கிடைக்கும். குட்டிக்குச் சில நேரம் மணிக்கணக்குதான். 'சாயந்தரம் வரைக்கும் பாப்போம்'ங்கற வார்த்தை குட்டி விஷயத்துல வேண்டாம்.

போன்ல முதல் கேள்வி, குட்டிக்கு வயசு என்ன? இதைக் கேட்டாலே பாதி நோய் பட்டியல்ல இருந்து விழுந்துடும்.

பிறந்து ரெண்டு மூணு நாள்தான் ஆச்சுன்னா பெரும்பாலும் பசியும் குளிரும்தான் எதிரி. வாய்க்குள்ள விரலை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. கதகதப்பா இருந்து விரலைச் சப்புச்சுன்னா தெம்பு இருக்கு. வாய் ஜில்லுன்னு இருந்தா உடம்பு சூடு இறங்கிடுச்சு. இங்கதான் எல்லாரும் பதறிப்போய்ப் பாலைப் புகட்டுவாங்க. வேண்டாம். குளிர்ந்து கிடக்கற குட்டிக்கு விழுங்கவும் தெம்பு இருக்காது, செரிக்கவும் செய்யாது. பால் நுரையீரலுக்குப் போயிடும். முதல்ல துடைச்சுச் சாக்குல சுத்தி, வெந்நீர் பாட்டிலைத் துணியில பொதிஞ்சு பக்கத்துல வச்சு உடம்பைச் சூடாக்கணும். தலையைத் தூக்கி விரலைச் சப்ப ஆரம்பிச்ச அப்புறம்தான் பால். அதுவும் சீம்பால். ரெண்டு கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 200 மில்லி உள்ள போகணும், பிரிச்சுப் பிரிச்சு. முதல் வாய் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்ள. ஆட்டுக்குட்டி பிறக்கும்போது ரத்தத்துல நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாமதான் பிறக்குது, எல்லாமே சீம்பால் வழியாதான் வரணும். சில ஊர்கள்ல சீம்பாலைக் குடிச்சா கழிச்சல் வரும்னு கறந்து கீழ ஊத்தற பழக்கம் இருக்கு. குட்டிக்குச் செய்யற பெரிய துரோகம் அது.

மூணு வாரம் தாண்டி நாலஞ்சு மாசம் வரைக்கும் உள்ள குட்டின்னா கதை வேற. புல் கடிக்க ஆரம்பிச்சிருக்கும், தரையை நக்கும், பெரிய ஆட்டோட தீவனத்துல வாய் வைக்கும். ரத்தக் கழிச்சல், குடற்புழு, வயிறு உப்புசம், சளி எல்லாம் இந்த வயசுலதான். நான் இன்னைக்கு முக்கியமா சொல்ல வந்த துள்ளுமாரியும் இந்த வயசுலதான் வரும்.

துள்ளுமாரி. பேரைக் கேட்டாலே எங்க ஊர்ல பெருசுங்க முகம் மாறும். ராத்திரி நல்லா மேஞ்சு நல்லாப் பால் குடிச்சுப் படுத்த குட்டி, காலையில தலை பின்னுக்கு வளைஞ்சு, கால் விறைச்சுச் செத்துக் கிடக்கும். உயிரோட பாத்தாலும் திடீர்னு துள்ளி விழும், கால உதறும், பல்லை நறநறன்னு கடிக்கும், கத்தும், சில மணி நேரத்துல முடிஞ்சிடும். வெள்ளாட்டுல சில சமயம் தண்ணியா, சளியும் ரத்தமும் கலந்து கழிச்சலும் இருக்கும். கொடுமை என்னன்னா, சாகறது நோஞ்சான் குட்டி இல்ல. மந்தையிலயே கொழுகொழுன்னு இருக்கே, வித்தா நல்ல விலை போகும்னு கணக்குப் போட்டு வச்சிருந்தோமே, அதே குட்டிதான். அதனாலதான் நம்ம ஆளுங்க 'கண்ணு பட்டுடுச்சு'ன்னு சொல்றாங்க. எல்லாரும் பாத்துப் பாத்துப் பேசின குட்டிதான் செத்திருக்கும். அவங்க பாத்தது சரிதான், காரணம்தான் வேற.

காரணம் ஒரு பாக்டீரியா. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ்னு பேரு, அதுல டி வகை. வெளியில இருந்து படையெடுத்து வர்ற கிருமி இல்ல இது. மண்ணுல இருக்கும், நல்லா இருக்கற ஆட்டோட குடல்லயே கொஞ்சமா குடியிருக்கும். குடல் ஓடிக்கிட்டே இருக்கற வரைக்கும் அதோட நஞ்சும் சாணியோட வெளியேறிடும். ஒரு நாள் குட்டிக்கு வழக்கத்தை விட அதிகமா தானியமோ சோறோ பாலோ கிடைக்குது. இல்ல, மழை பெஞ்சு தளதளன்னு முளைச்ச புல்லை வயிறு முட்ட மேயுது. இரைப்பையால அத்தனையும் செரிக்க முடியாது. செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்கு இறங்குது, கிருமிக்கு அது கல்யாண விருந்து. வெறித்தனமா பெருகி எப்சிலான்னு ஒரு நஞ்சைக் கக்குது. அந்த நஞ்சு வெளிய வரும்போது கூர் இல்லாத கத்தி மாதிரிதான் இருக்கும். அதைத் தீட்டிக் கொடுக்கறது குட்டியோட சொந்தச் செரிமான நீர்ல இருக்கற டிரிப்சின். கூரான நஞ்சு குடல் சுவரைத் தளர்த்திட்டு ரத்தத்துல ஏறி, மூளைக்குப் போற நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சிதைக்குது. மூளை வீங்குது. நாம வெளிய பாக்கற துள்ளல் அதுதான்.

இப்பப் புரியுதா, ஏன் கொழுத்த குட்டின்னு? அதிகமா சாப்பிட முடியற குட்டிதான் கொழுத்த குட்டி. போட்டியில ஜெயிச்சுத் தாயோட மடியை முழுசாக் காலி பண்றதும் அதுதான், தீவனத் தொட்டியில முதல்ல தலையை விடறதும் அதுதான்.

அதனால போன்ல ரெண்டாவது கேள்வி, நேத்து என்ன தின்னுச்சு? அம்மா 'வழக்கம் போலத்தான்'னு சொல்லுவாங்க. விடாதீங்க. கோயில் கொடை நடந்துச்சா, விசேஷ வீட்டுல மிஞ்சின சோத்தைப் போட்டாங்களா, மக்காச்சோளம் காயப் போட்ட களத்துல வாய் வச்சுச்சா, புதுப் புல்லுல மேஞ்சுச்சா, இளம் சோளப் பயிருல இறங்குச்சான்னு ஒவ்வொண்ணாக் கேளுங்க. சோளப் பயிரைத் தனியாச் சொல்றேன். தண்ணி இல்லாம வாடின இளம் சோளத்துலயும் மரவள்ளி இலையிலயும் சயனைடு உண்டாகும். தின்ன கொஞ்ச நேரத்துலயே மூச்சு வாங்கி விழும். அதுக்கு மாத்து மருந்து ஊசி உண்டு. ஆனா டாக்டர்தான் போடணும், நிமிஷக் கணக்குல போடணும். 'சோளப் பயிரு தின்னுச்சு'ங்கற மூணு வார்த்தையை டாக்டர்கிட்ட முதல்லயே சொல்றதுல ஒரு உயிர் நிக்குது.

மூணாவது கேள்வி, இடது பக்க வயிறு எப்படி இருக்கு? கடைசி விலா எலும்புக்குப் பின்னால, இடது பக்கம் ஒரு பள்ளம் இருக்கும். இரைப்பை அங்கதான். அந்த இடம் மேடாகித் தட்டினா தம்புரு மாதிரி சத்தம் வந்தா வயிறு உப்புசம். குட்டியைப் படுக்க விடாம, முன்னங்கால் ரெண்டையும் ஒரு திண்டு மேல வச்சு நிக்க வைக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கத்தை நல்லா நீவி விடணும். நுரைச்சு உப்பியிருந்தா சமையல் எண்ணெய் கொடுத்தா நுரை உடையும். மேய்ச்சல் வயசுக் குட்டிக்கு 30 மில்லியில இருந்து 50 மில்லி போதும். சோறோ தானியமோ அதிகமாத் தின்னு வந்த உப்புசம்னா வயித்துல அமிலம் ஏறிக்கிட்டு இருக்கு. சமையல் சோடாவைத் தண்ணியில கரைச்சுக் கொடுக்கற வழக்கம் உண்டு, அளவை டாக்டர்கிட்டக் கேட்டுட்டுக் கொடுங்க. தானியத்தை நிறுத்திட்டு வைக்கோல் மட்டும் போடணும். கத்தியால, சாக்கு ஊசியால குத்திக் காத்தை வெளியேத்தறேன்னு யாராவது வந்தா தடுத்துடுங்க. குத்தற வைத்தியம் நிஜமாவே இருக்கு. ஆனா அதுக்குக் கருவி வேற, கை வேற.

எண்ணெயோ மருந்தோ எதைக் கொடுத்தாலும், கொடுக்கற விதம் பத்தி ஒரு நிமிஷம். நம்ம ஊர்ப் பழக்கம் என்ன? குட்டியைத் தொடைக்கு நடுவுல இடுக்கி, தாடையை வானத்தைப் பாக்கத் தூக்கி, மூங்கில் கொட்டத்துல மடமடன்னு ஊத்தறது. பாதி நுரையீரலுக்குப் போயிடும். ரெண்டு நாள் கழிச்சுக் குட்டி சளி முத்திச் செத்தா, மருந்து கேக்கலைன்னு சொல்லுவோம். மூக்கு கண்ணு மட்டத்துக்கு மேல போகக் கூடாது. ஊசி இல்லாத சிரிஞ்சை வாயோட ஓரத்துல விட்டு, கொஞ்சம் கொஞ்சமா, விழுங்க விட்டு விட்டுக் கொடுக்கணும். துள்ளி விழுந்து கிடக்கற குட்டிக்கு, விழுங்க முடியாத குட்டிக்கு, வாய் வழியா எதுவுமே கூடாது. தண்ணி கூட.

நாலாவது, தெர்மாமீட்டர். ஆன்லைன்ல நமக்கு வாங்கற அதே டிஜிட்டல் தெர்மாமீட்டர்தான். ஊருக்குப் போகும்போது ஸ்வீட் பாக்ஸோட இதையும் வாங்கிட்டுப் போங்க, 'ஆடு'ன்னு மார்க்கர்ல எழுதி வைங்க (எழுதலைன்னா அப்புறம் அது யார் வாய்க்கோ போயிடும்). நுனியில கொஞ்சம் எண்ணெய் தடவி ஆசனவாயில மெதுவா வைக்கணும். ஆட்டுக்கு 102, 103 டிகிரி பாரன்ஹீட் சாதாரணம், வெயில் நேரத்துல குட்டிக்கு 104 கூடப் போகும். நமக்கு 103 அடிச்சா ஆஸ்பத்திரி, அதுக்கு அதுதான் நார்மல். 105ன்னா உள்ள தொற்று இருக்கு. 100க்குக் கீழ இறங்கினா அதை விட மோசம். 'சுடுது'ன்னு சொல்றதுக்கும் '105.4 இருக்கு'ன்னு சொல்றதுக்கும் டாக்டர் போன்ல கொடுக்கற பதில்லயே வித்தியாசம் தெரியும்.

அப்படியே கீழ் இமையை இழுத்துப் பாத்து வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ. ரோஸா சிவப்பா இருந்தா சரி. காகிதம் மாதிரி வெளுத்திருந்தா புழு ரத்தத்தைக் குடிச்சிருக்கு. சாணியையும் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க. கழிச்சலா இருந்தா மெடிக்கல்ல கிடைக்கற ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில கலக்கி, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி கொடுக்கலாம், குட்டி விழுங்கற நிலையில இருந்தா மட்டும். ஆனா நமக்கு வாங்கி வச்ச 'வயித்தை நிறுத்தற' மாத்திரையை அரைச்சுக் கொடுக்கறது கூடவே கூடாது. குடலை நிறுத்தினா நஞ்சு உள்ளயே தங்கிடும். துள்ளுமாரி எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தோமே, இது அந்தக் கிருமிக்கு நாமளே உதவி செய்யற மாதிரி.

வலி மாத்திரையும் அப்படித்தான். டைக்ளோஃபினாக் போட்டு மாடு ஆடு செத்து, அதைத் தின்ன பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுக்கப் பெருமளவு அழிஞ்சு போச்சு. 2006ல கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க, 2023ல கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ரெண்டையும் தடை பண்ணினாங்க. நம்ம முதுகுவலி மாத்திரை ஆட்டுக் கொட்டகைக்குள்ள போக வேண்டாம்.

அஞ்சாவது கேள்வி, மத்த ஆடுங்க எப்படி இருக்கு? ஒரே ஒரு குட்டின்னா தின்னது, நஞ்சு, அடி மாதிரி. மூக்கு ஒழுகி, கண்ணுல பீளை கட்டி, வாய் புண்ணாகி நாறி, காய்ச்சலோட ஒண்ணு பின்னால ஒண்ணு கழிய ஆரம்பிச்சா அது ஆட்டுக்கொல்லி. பிபிஆர்னு சொல்ற வைரஸ் நோய். இந்தியாவுல இது முதல் முதலா உறுதியானது நம்ம தமிழ்நாட்டுலதான், 1987ல, விழுப்புரம் பக்கம் அரசூர்ல. அங்க எடுத்த வைரஸை வீரியம் குறைச்சு 'அரசூர்/87'னு தடுப்பூசியே செஞ்சாங்க நம்ம கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்துல. ஒரு சின்ன ஊரு பேரு உலக வைராலஜி ஆய்வுக் கட்டுரைகள்ல நிக்குது. வைரஸைக் கொல்ல மருந்து இல்ல. ஆனா மூணு மாசம் தாண்டின குட்டிக்குப் போடற ஒரே ஊசி கிட்டத்தட்ட மூணு வருஷம் காப்பாத்தும். இந்த நோய் பெரும்பாலும் சந்தையில இருந்துதான் வீட்டுக்கு வரும். எட்டயபுரம் சந்தையில ஆசையா ஒரு குட்டி பிடிச்சுட்டு வந்தா, மூணு வாரமாவது தனியாக் கட்டுங்க. வீட்டுல 'அது பாவம், தனியாக் கத்துது'ன்னு சொல்லுவாங்க. கத்தட்டும்.

சரி, அஞ்சு கேள்வியும் கேட்டாச்சு. அடுத்த போன் 1962க்கு. தமிழ்நாட்டுல கால்நடை அவசர ஊர்திக்கான இலவச எண். பக்கத்து கால்நடை மருந்தகத்து டாக்டர் நம்பர் இருந்தா இன்னும் நல்லது. குட்டி துள்ளி விழறதை, மூச்சு விடறதை 20 செகண்ட் வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. ஏன்னா டாக்டர் வரும்போது அது அடங்கியிருக்கலாம்.

துள்ளுமாரின்னு சந்தேகப்பட்டா டாக்டரால என்ன செய்ய முடியும்? நேராச் சொல்லணும்னா, அந்தக் குட்டிக்கு ரொம்பக் கொஞ்சம்தான். நஞ்சு மூளையில ஏறின அப்புறம் கிருமியைக் கொல்ற ஆன்டிபயாடிக் போட்டாலும், ஏறின நஞ்சு ஏறினதுதான். சிலது பிழைக்கும், பெரும்பாலானது பிழைக்காது. டாக்டர் வந்தும் காப்பாத்தலைன்னு அவர் மேல கோவப்படாதீங்க. அவர் வர்றது மிச்சம் இருக்கற குட்டிகளுக்காக. அன்னைக்கே மத்த குட்டிகளுக்குத் தானியத்தையும் புதுப் புல்லையும் நிறுத்தி, வைக்கோலும் தண்ணியும் மட்டும் வைக்கணும். மந்தைக்கே ஊசி போடலாமான்னு அவர் முடிவு பண்ணுவார்.

அதனாலதான், செத்த குட்டியை உடனே புதைச்சுடாதீங்க. கால்நடை மருத்துவமனையில உடற்கூறாய்வு பண்ணித் தருவாங்க. துள்ளுமாரியில சிறுநீரகம் கூழா இருக்கும், உடம்பு சீக்கிரம் கெடும், அதனால அன்னைக்கே எடுத்துட்டுப் போகணும். ஒரு குட்டியோட சாவு மத்த பத்துக்கு ரிப்போர்ட்.

ஒரே ஒரு விதிவிலக்கு. திடீர்னு செத்து, மூக்கு, வாய், ஆசனவாயில கறுப்பா உறையாத ரத்தம் வந்திருந்தா அதைத் தொடவே கூடாது, அறுக்கவே கூடாது. அடைப்பான் நோயா இருக்கலாம், ஆந்த்ராக்ஸ். மனுசனுக்கும் வரும், உயிரை எடுக்கும். அப்படியே விட்டுட்டு, நாய், காக்கா அண்டாம பாத்துக்கிட்டு டாக்டரைக் கூப்பிடணும். 'செத்து அரை மணி நேரம்தான் ஆச்சு, கறிக்கு ஆவும்'னு பாதி விலைக்குக் கேட்டு ஆள் வருவாங்க. காசு இழப்பு வலிக்கும்தான். அஞ்சாறு ஆயிரம் ரூபாய் குட்டி, ஒரு மாச வீட்டுச் செலவு. ஆனாலும் என்ன நோய்னு தெரியாமச் செத்த குட்டி எந்தக் குழம்புக்கும் போகக் கூடாது. இந்த ஒரு விஷயத்துல நீங்க போன்ல சண்டை போட்டாலும் தப்பில்ல.

தடுப்பூசிக்கு வருவோம். துள்ளுமாரி ஊசி விலை ஒண்ணும் பெருசு இல்ல, அரசு மருந்தகத்துல கேட்டுப் பாருங்க. குட்டிக்கு முதல் ஊசி, மூணு நாலு வாரத்துல பூஸ்டர், அப்புறம் வருஷா வருஷம் மழைக்கு முன்னால. முதல் ஊசி எந்த வயசுலங்கறது தாய்க்குப் போட்டிருக்கா இல்லையாங்கறதைப் பொறுத்து மாறும், டாக்டர் சொல்லுவார். சினை ஆட்டுக்கு ஈனறதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னால போட்டா சீம்பால் வழியாக் குட்டிக்கும் காப்பு போகும். பல பேர் விடற இடம் பூஸ்டர்தான். முதல் ஊசி உடம்புக்கு எதிரியை அறிமுகப்படுத்துது, ரெண்டாவதுலதான் காப்பு நிக்குது. அதுவும் செம்மறியை விட வெள்ளாட்டுல இந்தக் காப்பு சீக்கிரம் குறையும். அதனால சில டாக்டர்கள் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லுவாங்க. உங்க காலண்டர் ஆப்ல ரிமைண்டர் போட்டு வச்சு, அந்தத் தேதியில அம்மாவுக்கு ஒரு போன் போடுங்க. கிராமத்துல இருந்து நமக்கு வர்ற போனை விட, நாம முன்னாடியே போடற இந்தப் போன்தான் குட்டியைக் காப்பாத்துது.

போன வாரம் ஒருத்தர் வாய்ஸ் நோட்ல கேட்டிருந்தாங்க, ஊசி போட்ட இடத்துல குட்டிக்குக் கட்டி மாதிரி வீங்கியிருக்கு, பாட்டி இனிமே ஊசியே வேண்டாம்னு சொல்றாங்கன்னு. இந்த ஊசியில அது சகஜம். தோலுக்கடியில சின்ன உருண்டையாச் சில வாரம் இருக்கும், தானா வத்திடும். குட்டி தின்னு, துள்ளி, காய்ச்சல் இல்லாம இருந்தா ஒண்ணும் பண்ண வேண்டாம். சூடாகிச் சீழ் பிடிச்சா மட்டும் காட்டுங்க. பாட்டிகிட்ட இந்த இடத்தை ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுங்க, பூஸ்டர் தேதி தள்ளிப் போயிடாம.